தாழாத வண்டி

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, மேடம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக் தாஜுதீன் பாய் பால்பண்ணை ஸ்டாப் பக்கத்தில் தன் ஷெட்டில் வைத்து அதை இன்னமும் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாராம். பாவம், வேறு எந்த வண்டியையும் தொடுவதில்லையாம். போதும், நிறுத்துங்கள் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

என் கணவரின் தம்பி லக்ஷ்மிகாந்த் உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார். மெக்கானிக் சரியாகப் பழுது பார்க்காததால்தான் தன் அண்ணா டயாலிசிஸுக்குப் போக முடியாமல் இறந்தார் என்று. லக்ஷ்மிகாந்த் வீடு தில்லை நகரில், டயாலிசிஸ் சென்டருக்கு இரண்டு தெரு தள்ளி. அண்ணாவை ஒரு நாளும் கூட்டிக்கொண்டு போனதில்லை. புகார் எழுத மட்டும் வந்துவிட்டார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தேன்.

என் கணவர் ஜகன்னாத் துவாக்குடியில் தொழிற்கூடம் நடத்தியவர். சிறுநீரகம் கெட்டது, பிறகு இடுப்பெலும்பும் முறிந்தது. நடக்க முடியாது. அப்போதுதான் இந்தப் பெரிய வண்டியைப் பழையதாக வாங்கினார். பொத்தானை அழுத்தினால் எண்ணெய் அழுத்தம் குறைந்து வண்டி தானாகத் தாழும். கோயில் யானை மண்டியிடுகிற மாதிரி. சீட்டும் சக்கர நாற்காலியும் ஒரே மட்டத்துக்கு வரும். ஒரு பலகையைக் குறுக்கே போட்டு அவரை நான் சறுக்கி உள்ளே தள்ளுவேன். வாரத்தில் மூன்று நாள். போக, வர ஓட்டுவதும் நான்தான். குளிப்பாட்டுவது, துடைப்பது, உப்பில்லாமல் சமைப்பது, தட்டைத் தள்ளிவிட்டால் தரையைத் துடைப்பது எல்லாம் தனி. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை.

எதிர்வீட்டு முருகானந்தம் ஆட்டோ ஓட்டுகிறார். கூப்பிட்டால் வருவார். ஆனால் என் கணவர் ஆட்டோவில் ஏற மாட்டார். ஆம்புலன்ஸ் என்றால் அதைவிட மோசம். "ஆம்புலன்ஸ்ல ஏறினவா யாரு திரும்பி வந்திருக்கா?" என்பார். எனக்கு வண்டியை விட்டால் வழியில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி உண்மையாகவே முதலில் பழுதானது. காலையில் பார்த்தால் முன்பக்கம் இடதுபுறம் உட்கார்ந்திருக்கும். பாய் பொறுமைசாலி. சக்கரத்துக்கு மேலே சாக்பீஸால் கோடு போட்டு, மறுநாள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். கீழே செய்தித்தாள் விரித்து எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்த்தார். சொட்டவில்லை. வால்வுக்குள்ளேயே எண்ணெய் திரும்பிப் போகிறது என்றார். வால்வை மாற்றினார். ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் வாயு நிரப்பிய குண்டுகளை மாற்றினார். குழாய்களில் இருந்த காற்றை எடுத்தார். வண்டி அவர் ஷெட்டில் இருந்த அந்த நாட்களில் ஒரு டயாலிசிஸ் தவறியது. இவருக்குக் கால் கொஞ்சம் வீங்கியது, அவ்வளவுதான். நான் அன்று மத்தியானம் தூங்கினேன். ஐயோ, எப்பேர்ப்பட்ட தூக்கம். எழுந்தபோது எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

பிறகு மார்க்கெட் பக்கம் ஒரு வேகத்தடையில் இடித்ததில் வண்டி உயர்ந்தபடியே நின்றுவிட்டது. தாழவே இல்லை. பாய் வந்து குனிந்து பார்த்துவிட்டு என்னையும் குனியச் சொன்னார். சக்கரத்துக்கு உட்புறம் விரல் நீளத்தில் ஒரு கம்பி.

"வண்டி எவ்ளோ ஒசரத்துல நிக்குதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதே இந்தக் கம்பிதாம்மா. இதோட நுனியில இருக்கிற குமிழ் கழண்டுக்கிச்சு. கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் புரியாது, பயந்துக்கிட்டு அப்படியே பூட்டிக்கும். பாருங்க, கட்டைவெரலால அழுத்துனா மாட்டிக்கும். மறுபடி கழண்டா எனக்காகக் காத்திருக்காதீங்க, நீங்களே மாட்டிக்கங்க. சார் ஆஸ்பத்திரிக்குப் போவணும்ல."

நல்ல மனுஷர். காசுகூட வாங்கவில்லை.

கட்டைவிரலால் மாட்ட முடிந்தால் கட்டைவிரலால் கழற்றவும் முடியும். வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி, கம்பியைக் கழற்றிவிட்டால் போதும். சீட் என் நெஞ்சு உயரத்தில் நிற்கும். "அச்சச்சோ, ஏன்னா, மறுபடியும் தாழலையே" என்பேன். இவர் அதட்டுவார், அப்புறம் ஓய்ந்துவிடுவார். சென்டருக்குப் போன் செய்து நாளைக்கு வருகிறோம் என்பேன். பாய் வருவதற்குள் கம்பியை மாட்டிவிடுவேன். அவர் வந்து பொத்தானை அழுத்தினால் வண்டி சமர்த்தாகத் தாழும். அவருக்குத் தலைசுற்றும். வயரிங்கை மாற்றினார், பம்பை மாற்றினார். "எங்கேயோ நான்தான் தப்பு பண்றேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

தினமும் செய்யவில்லை. ரொம்ப முடியாதபோது மட்டும். யாருக்கும் லீவு உண்டு, மேடம். உங்களுக்கும் உண்டு.

மார்கழி வந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின பகல்பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்தது. அந்த வாரம் இவருடைய முறை ஒன்று தவறியது, அடுத்ததும் தவறியது. சென்டரிலிருந்து கூப்பிட்டார்கள். ஊருக்குப் போயிருக்கிறோம், அங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்றேன். பாயைக் கூப்பிடவில்லை. திருவிழாக் கூட்டத்தில் அவரை எதற்கு அலைக்கழிப்பது என்று விட்டுவிட்டேன். இவருக்கு முகமெல்லாம் வீங்கியது. படுக்க முடியவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தே இருந்தார். நான் முதுகுக்குத் தலையணை வைத்தேன். கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தேன். அளந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் தாகம் என்று கேட்பவருக்கு எப்படி இல்லை என்பது?

ஏகாதசி அன்று, டிவியில் சொர்க்கவாசல் திறக்கிறதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. கூட்டம் "ரெங்கா ரெங்கா" என்று கத்தியது. வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். "என்ன பாக்கியம் மாமி! இன்னிக்குப் போறவாளுக்கு நேரே வைகுண்டம்." உங்களுக்கு இது புரியுமோ என்னவோ. எங்களவர்களுக்கு இதைவிடப் பெரிய நாள் கிடையாது. நாளை நான் குறிக்கவில்லை. ஏகாதசி வரை தாங்கட்டும் என்று நினைத்தது உண்டு. அதையும் பிரியத்தில்தான் நினைத்தேன்.

பத்தாம் நாள் காரியத்துக்கு பாய் வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். "என் கைதாம்மா சாரைக் கொன்னுடுச்சு" என்றார். "போனாப் போறது பாய். உங்கமேல எனக்குக் கோபமே இல்ல" என்றேன். அது சத்தியமான வார்த்தை.

இப்போது நன்றாகத் தூங்குகிறேன். மத்தியானம் மட்டும் விழித்துவிடுகிறேன். அது ஏகாதசிக்கு முந்தின நாள், தசமி மத்தியான ஞாபகம். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று இவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். "அரவிந்தம், மூச்சு முட்டறதுடி. அந்த வண்டி கிடக்கட்டும். ஆட்டோவையாவது கூப்பிடேன். ஆம்புலன்ஸானாலும் சரி, ஏறிக்கறேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான்.

"திருவிழாவுக்குத் தெருவெல்லாம் அடைச்சுட்டா. ஒரு வண்டியும் உள்ள வராது" என்றேன். அவர் நம்பினார். தலைப்பை விட்டுவிட்டார்.

எங்கள் வீடு கோயிலை விட்டுத் தள்ளி, மேலூர் ரோடு பக்கம், மேடம். அங்கே தெருவை அடைப்பதே இல்லை. முருகானந்தத்தின் ஆட்டோ எதிரே நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக இவருக்குத் தெரிந்துவிடுமே என்று, போய்த் திரையை இழுத்துவிட்டேன்.