ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த கை

ராத்திரியில் நடந்தது என்று நினைக்காதீர்கள். நட்டநடுப் பகல், பன்னிரண்டரை மணி. கோட்டைக்குப்பம் போகிற ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை... தார் மட்டும் வெயிலில் இளகிக் கிடந்தது.

அந்த ரோட்டில் கடைசி வீடு, என் சிநேகிதன் தீனாவின் தாய்மாமன் நீலமேகத்தினுடையது. வீட்டுக்குப் பின்னால் முப்பதடி மணல். அதைத் தாண்டினால் ஏரி.

மகள் பூவிழிக்குப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து நான்கு நாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பேத்தியைத் தன் காரில்தான் கொண்டுவருவேன் என்று மனிதர் பிடிவாதமாக நின்றார். காரோ இன்ஜினில் டர்போ போய், நீலப்புகை கக்கிப் படுத்துவிட்டிருந்தது. பழைய இரும்புக் கடையில் தேடி டர்போவின் உள்பாகமான கோர் ஒன்று வாங்கிவந்தார். பின்பக்க மணலில் பலகை போட்டு, அதன்மேல் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். மனைவி லோகநாயகி ஆஸ்பத்திரியில். உதவிக்கு பைக்கில் வருவதாகத் தீனா சொல்லியிருந்தான்.

கோர் பூட்டியாகிவிட்டது. அடியிலே ஆயில் பைப்பை மாட்ட வேண்டியதுதான் பாக்கி. மல்லாந்து வண்டிக்கடியில் நுழைந்தார்.

சரக்... சரக்...

முன்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு கால்கள் வந்து நின்றன. கணுக்கால் வரை கறுப்புச் சேறு.

"வந்துட்டியாடா? பத்தாம் நம்பர் ஸ்பேனர் குடு."

ஒரு கை உள்ளே நீண்டது. பத்தாம் நம்பர்தான். வெயிலில் கிடந்த இரும்பு... ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. வேலை மும்முரத்தில் அவர் அதை யோசிக்கவில்லை. அடுத்து வாஷர் வேண்டும் என்று மனதில்தான் நினைத்தார். வாஷர் வந்தது. கூடவே, அழுகின இறால் வாடை.

சட்டைப்பையில் போன் அடித்தது.

"மாமா, காட்டூர்லயே வண்டி பஞ்சர். இன்னும் அரை மணி ஆவும்... இன்னா மாமா, பேச மாட்டேன்ற?"

தீனாவின் குரல்.

நீலமேகம் மெல்லத் தலையைத் திருப்பினார். கால்கள் அங்கேயே இருந்தன. அத்தனை வெயிலிலும் அந்தச் சேறு காயவில்லை.

மறுபடி கை உள்ளே வந்தது. இந்த முறை வெறுங்கை. விரித்தபடி காத்திருந்தது... பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

ஒரே இழுப்பு. வெளியே வந்து விழுந்தார். அதே நொடி பலகை முறிந்து, ஜாக்கி சாய்ந்து, கார் தடாலென்று அவர் படுத்திருந்த இடத்தில் இறங்கியது.

கை விடவில்லை.

வெயில் கண்ணில் அடித்தது. முகம் தெரியவில்லை. மணல் முதுகைக் கிழித்தது. தண்ணீர் ஓரத்தில் படகு கட்டுகிற முளையை இன்னொரு கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு கத்தினார். தோள்மூட்டு கழன்றது. அப்புறம்தான் அந்தக் கை பிடியை விட்டது.

தீனா வந்து பார்த்தபோது மாமன் இடுப்பளவு தண்ணீரில் முளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேத்தி ஷேர் ஆட்டோவில்தான் வந்தாள்.

லோகநாயகி ஏரிக்கரையில் சூடம் ஏற்றிக் கும்பிட்டாள். "எந்தப் புண்ணியாத்மாவோ, உசுரக் காப்பாத்திக் குடுத்துச்சு. நீயும் வந்து கும்புடு" என்றாள்.

நீலமேகம் வீட்டுப் பின்வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

"காப்பாத்தறதுக்கு வண்டிக்கடிலேர்ந்து இழுத்தா போதாதா லோகா?" என்றார். "ஏரி வரிக்கும் இன்னாத்துக்கு இழுத்துச்சு?"