முழுக்குக்கு முந்தின நாள்

மல்லாங்கிணறு சுற்றுவட்டாரத்தில் சித்திரை மாதத்திலும் தண்ணீர் கிடக்கிற கிணறு எங்களுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு ஐயா. பக்கத்துக் காட்டுக்காரர்கள் குடத்தோடு வந்தால் நான் இல்லை என்று சொன்னதில்லை. ஜெபவீட்டுப் பாஸ்டர் சுவாமிதாஸ் வந்து, "அம்மா, ஞாயித்துக்கெழம ஒரு முழுக்கு ஞானஸ்நானம் இருக்கு. கம்மாயெல்லாம் வத்திக் கெடக்கு. ஒங்க மோட்டார் தொட்டியில வச்சுக்கிறலாமா?" என்று கேட்டபோதும் சரி என்றேன்.

யாருக்கு முழுக்கு என்பதைத்தான் அவர் மென்று முழுங்கிச் சொன்னார். என் மருமகன் ஜோயலுக்கு.

ஏவா என் ஒரே மகள். போன வருஷம் திருச்சுழியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, ஜோயல் குடித்துவிட்டு வண்டி ஓட்டிவந்தான். அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு ஆளில்லாமல் நின்ற லாரியில் மோதினான். அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு உயிர் இருந்தது. தண்ணீர் கேட்டிருக்கிறாள். குடித்த வாயோடு போலீஸில் மாட்டக்கூடாது என்று இவன் சீமைக்கருவேலங் காட்டுக்குள் ஓடிப் படுத்துக்கொண்டான். விடிந்தபிறகு ஆட்டுக்காரர்கள் பார்த்தபோது அவள் உயிரோடு இல்லை.

இதை நான் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. அப்போது போலீஸில் உங்களிடம் மயங்கிக் கிடந்தேன் என்று சொன்னவன், ஜெபவீட்டு மைக்கில் உண்மையைச் சொன்னான். சாட்சி சொல்வது என்று அதற்குப் பேர். குடியை விட்டு இரட்சிக்கப்பட்டுவிட்டானாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அழவேண்டிய இடத்தில் அழுது, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துவான். அந்த இடத்தில் கீபோர்டுக்காரன் மெதுவாக வாசிப்பான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். என் பிள்ளை செத்த கதையைக் கேட்டு ஜனம் அல்லேலூயா சொல்லிக் கைதட்டியது.

பாஸ்டர் என்னையும் ஒரு நாள் முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். "மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா." சொன்னேன். பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அவுக மனசு யாருக்கு வரும்" என்றார்கள். இந்தக் கூட்டத்துக்கு எதையும் விற்றுவிடலாம் என்று தோன்றியது.

தப்பாக நினைக்காதீர்கள். பாவமன்னிப்பை நான் நம்புகிறவள். எங்கள் பெரிய கோயிலில் வாராவாரம் முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்கிறவள். ஆனால் எதற்கும் ஒரு அளவு வேண்டாமா? பக்கத்து வீட்டு ஜெயசெல்வி கோபத்தில் சொல்லும் கெட்ட வார்த்தைக்கும் இவன் செய்ததற்கும் ஒரே சோப்பா?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சாட்சியின் கடைசியில் அவன் சொல்கிற ஒன்றைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏவா மோட்சத்துல எனக்காகக் காத்துக்கிட்டிருக்கா. நான் போயி அவ கையப் பிடிச்சுக்கிருவேன்."

இங்கே விட்டுவிட்டு ஓடியவன் அங்கே போய்க் கையைப் பிடிப்பானாம். அவளுக்கு அங்கேயாவது நிம்மதி வேண்டாமா ஐயா?

குழந்தையில் தலையில் தெளித்த தண்ணீர் செல்லாது, ஆளை முக்கி எடுத்தால்தான் மோட்சம் என்பது ஜெபவீட்டுக்காரர்களின் உபதேசம். நான் அதைக் கேட்டு எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். தண்ணீர் கூடினால் புண்ணியம் கூடுமென்றால் முதலில் மோட்சம் போவது தவளைதான் என்று அவர்களிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வாரம் அதை நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை முங்கி எழுந்தால் அவன் கணக்கு தீர்ந்துவிடும், வழி திறந்துவிடும். ஆகவே அதற்கு முன்னால் ஆகவேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் வரச்சொன்னேன். கிணற்றுக்குள் குழாயின் அடிவால்வு அடைத்துக்கொண்டது, தொட்டி நிரம்பவில்லை, இறங்கிக் குழாயை ஆட்டிவிட்டால் போதும் என்றேன். அடைக்கவில்லை. அருப்புக்கோட்டை டவுனில் வளர்ந்தவன், நீச்சல் தெரியாது. வடக்கயிற்றைக் கிணற்றுத் தூணில் கட்டி, அதைப் பிடித்து இறங்கினான். "மோட்டார போட்றாதீக அத்தை" என்று சிரித்தான். அவன் தண்ணீர் மட்டத்துக்குப் போனதும் தூணில் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டேன். பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த கடலையை உரித்தேன்.

கொஞ்ச நேரம் குழாயைக் கட்டிக்கொண்டு கிடந்தான். பாசி பிடித்த குழாய். "அத்தை, கயிறு அந்துபோச்சு" என்று கத்தினான். பிறகு, "அத்தை, நீங்கதான் அவுத்தீகளா?" என்றான்.

"ஆமாய்யா" என்றேன்.

ஏவா தண்ணீர் கேட்டுக் கிடந்தாள். அவனுக்கு அந்தக் குறை இல்லை.

கெஞ்சுவான் என்று எதிர்பார்த்தேன். கெஞ்சவில்லை. "ஆண்டவரே, அத்தை மேல இந்தப் பழிய வச்சிராதீக. அவுக பாவம்" என்று சத்தமாக ஜெபம் பண்ணினான். எனக்காக ஜெபம் பண்ண இவன் யார்? மைக் இல்லாத இடத்திலும் அந்தப் புத்தி போகவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். அப்புறம் சத்தம் இல்லை. சாயங்காலம் பாஸ்டர் தொட்டியைப் பார்க்க வந்தபோது நானே கிணற்றைக் காட்டினேன்.

நேற்று அவர் என்னைப் பார்க்க ஸ்டேஷனுக்கு வந்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுக்கு இல்லாமல் போனான், இனி என் மகள் பக்கம் வரமுடியாது என்றேன். அந்த மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, சிலுவையில ஆண்டவருக்குப் பக்கத்துல தொங்குன கள்ளனுக்கு யாரும்மா முழுக்குக் குடுத்தா? கடைசி மூச்சுல கேட்டான், அன்னைக்கே மோட்சத்துல சேத்துக்கிட்டாரு. ஜோயலு தன்னக் கொல்றவுகளுக்காகவே கேட்டிருக்கான். அவன் எங்க போயிருப்பான்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

அந்தக் கள்ளன் கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நடித்துக் காட்டியவள் நான். அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

"நீங்களும் மனசு ஒடஞ்சு ஒரு வார்த்த கேளுங்கம்மா. கேட்டா கெடைக்கும். ஏவாவப் பாக்கணும்ல?" என்றார்.

ராத்திரி முழுக்க யோசித்தேன் ஐயா. கேட்டால் கிடைக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் அங்கே போய்ச் சேர்ந்தால், ஏவாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "வாங்க அத்தை" என்று முதலில் கூப்பிடுவது அவனாகத்தான் இருக்கும். அந்த மோட்சம் எனக்கு வேண்டாம். நான் கேட்கப்போவதில்லை.

செய்ததெல்லாம் என் மகளுக்காகத்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.