மூலையில் ஒரு கறுப்புப் பட்டை

தேநீர் அருமை, ஐயா. புதினா போட்டுக் கொடுக்கிற காவல் நிலையத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

பாட்டுப் பத்திரிகைக்கு அட்டை போடுவது லேசான வேலை இல்லை. எங்கள் வாசகர்களுக்குப் பதினைந்து, பதினாறு வயது. கேசட்டுக்குக் காசைக் கொட்டும் கெய்ரோப் பிள்ளைகள், பத்திரிகைப் பக்கம் தலைவைப்பதே பெரிது. அதனால் போன இதழுக்கு அட்டை முழுக்க மஞ்சள். நடுவில், ஷுப்ரா பேட்டைக் கல்யாணங்களில் பாடிப் பேர் வாங்கிய மிஷ்மிஷ், வாயெல்லாம் பல்லாக. இருந்தும் ஏதோ குறைந்தது. படத்தின் மேல் மூலையில் குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை போட்டேன். அட்டை எழுந்து நின்றது.

செத்தவர் படத்துக்குத்தான் அப்படிப் பட்டை போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதெல்லாம் அப்பாக்கள் படிக்கும் இரங்கல் பக்கம். பிள்ளைகள் அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. அம்மாக்களைத்தான் மறந்துவிட்டேன்.

இதழ் கடைக்கு வந்த அன்று மதியத்துக்குள் ஷுப்ராவே அழுதது. தெருவை அடைத்துத் துக்கப் பந்தல் போட்டு, சர்க்கரையில்லாத காப்பி ஊற்றினார்கள். கடைகளில் ஒரு பிரதி மிச்சமில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியூர்க் கல்யாணத்தில் விடிய விடியப் பாடிவிட்டு மாலையில் திரும்பிய மிஷ்மிஷ், நேராகப் பந்தலுக்குள் நுழைந்து, "யாருப்பா செத்தது? எனக்கும் ஒரு காப்பி குடுங்க" என்றானாம். காப்பி ஊற்றியவர் மயங்கி விழுந்துவிட்டார்.

மறுநாள் ஆசிரியர் மடாம் நெர்மீன் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஃபிக்ரி, அவன் உயிரோட நிக்கற படத்தைப் பெருசா போட்டு மன்னிப்புக் கேக்கறோம். அதுதான் நீ போடற கடைசி அட்டை."

வேலை போவதுகூடப் பரவாயில்லை. எங்களை நம்பி அழுத பிள்ளைகளிடம், அது பொய் என்று எப்படிச் சொல்வது? பிள்ளைகளை ஏமாற்றுகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

படம் எடுக்க மிஷ்மிஷ் வந்தான். தங்கமான பையன், துளி கோபமில்லை. "செத்தப்புறந்தான் உஸ்தாத் என் மார்க்கெட்டே ஏறிருக்கு. அடுத்த வாட்டி எனக்குக் கல்யாணம்னு போட்டு விடுங்க, பொண்ணாவது கெடைக்கும்."

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். எட்டு மாடிக் கட்டடம். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான்.

"கொஞ்சம் பின்னாடி போ, கண்ணா."

"போதுமா உஸ்தாத்?"

"இன்னும் கொஞ்சம். கையை விரி. என்னையே பாத்துச் சிரி."

சுவர் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. எட்டிப் பிடித்திருக்கலாம். கையில் கேமரா இருந்தது.

படம் அழகாக வந்திருக்கிறது, ஐயா. ஆனால் அது தேவைப்படவில்லை. அந்த மஞ்சள் அட்டையையே மறுபடி அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு புள்ளிகூட மாற்றாமல். எங்கள் பத்திரிகை பிள்ளைகளிடம் பொய் சொன்னதே இல்லை.