படம் ஓடும்போது வெளிச்சம் அடிக்கக் கூடாது

இந்த வருடம் வந்த பெரிய படங்களில் ஒன்றுகூட இரண்டரை மணி நேரத்துக்குள் முடியவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், சார். ஆறுமுகசாமி அண்ணன் எப்படி இறந்தார் என்பதை மட்டும் எழுதச் சொன்னீர்கள். ஆனால் அவர் இறந்தது இரண்டாம் பாதியில். முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதிக்குப் போவது முறையாக இருக்காது.

என் பெயர் செல்வக்குமார். ஊர் சங்கரன்கோவில் பக்கம். திருப்பூருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ் என் கைக்கு வரும். தையல் விட்டிருந்தாலோ எண்ணெய்க் கறை இருந்தாலோ அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவேன். நன்றாக இருக்கும் பீஸைப் பற்றிப் பேச எனக்கு எதுவும் இருக்காது. படங்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். பார்த்ததை ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன். படித்தது பத்தாவது. எழுத யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது வரும் படங்களில் ஹீரோ முதலில் சாதுவாக இருக்கிறார். பேக்கரி வைத்திருப்பார், இல்லையென்றால் பள்ளிக்கூட வேன் ஓட்டுவார். அவர் மகளைக் கடத்துவார்கள். உடனே அவர் வேறு ஊரில் நாற்பது பேரைக் கொன்றவர் என்று தெரியவரும். ஜனவரியிலிருந்து இப்படி ஐந்து படம். ஐந்திலும் மனைவி ஃப்ளாஷ்பேக்கில் ஒரு பாட்டு முடிந்ததும் செத்துப்போகிறார். துப்பாக்கி ஓவர்லாக் தையல் மிஷினைவிடப் பெரிதாக இருக்கிறது. வசனம் கேட்காத அளவுக்கு மியூசிக் போடுகிறார்கள். கேட்ட வசனங்களை வைத்துப் பார்த்தால் அது நல்லதுதான். இந்தப் படங்களில் மனித உயிருக்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது என்று மூன்று பதிவு எழுதியிருக்கிறேன்.

ஆறுமுகசாமி அண்ணன் எங்கள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பக்கத்தில் மங்கலத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை நான் ரூமில் தனியாகக் கிடக்கிறேன் என்று அவராகத்தான் என்னோடு படத்துக்கு வர ஆரம்பித்தார். நான்கு வருடமாகப் படம் முடிந்ததும் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவரிடம் இருந்த ஒரே குறை, எந்தப் படத்திலும் அவருக்குக் குறை தெரியாது.

“நல்லாத்தானுங் தம்பி இருக்குது” என்பார்.

“அண்ணே, லாஜிக்கே இல்லையே.”

“லாஜிக்கு பாக்கறதுக்கா டிக்கெட் எடுத்தோம்? உங்களுக்கு வாரம் ஆறு நாளு ஸ்டிக்கர் ஒட்டி பத்துலீங்களா? ஏழாவது நாளும் ஒட்டோணுமா?”

போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சின்ன மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அவர் மனைவி சாரதாமணி அக்கா வாசல்வரை வந்து சொல்வார்.

“மாத்தர மேல் பாக்கெட்டுல இருக்குதுங் தம்பி. இவரு சொன்னா கேக்க மாட்டாரு. நீங்கதான் பாத்துக்கோணும்.”

“பாத்துக்கிடுதேன்க்கா” என்பேன்.

போன ஞாயிறு பதினொன்றரை மணிக் காட்சி. படம் வெளியாகி மூன்றாம் நாள். மற்ற ஊர்களில் ஹீரோ வரும்போது காகிதத்தைக் கிழித்து வீசுவார்கள். இங்கே கட்டிங் வேஸ்ட். துணி வெட்டும்போது விழும் துண்டுகளைப் பையில் அடைத்துக் கொண்டுவந்து வீசுவார்கள். அண்ணனும் தன் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பை வெள்ளைத் துண்டு கொண்டுவந்திருந்தார். ஐம்பத்தாறு வயது. ஹீரோ திரும்பிப் பார்த்ததும் எழுந்து நின்று மொத்தத்தையும் வீசினார். என் தலையில், மடியில், காலடியில் எல்லாம் துணி. பதிவில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இடைவேளையில் எனக்குப் பப்ஸ் வாங்கித் தந்தார். அவருக்கு வேர்த்திருந்தது. ஏசி ஓடவில்லையா என்று கேட்டார். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாம் பாதி தொடங்கி அரை மணி நேரத்தில் என் கையைப் பிடித்தார்.

“தம்பி, நெஞ்சப் புடிக்குதுங். இருந்த ஒரு மாத்தரய எடுத்தேன், கை தவறி கீழ உளுந்துருச்சு. செல்லுல கொஞ்சம் லைட் அடிங்.”

நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மாத்திரை வெள்ளை. கணுக்கால் வரை கிடந்த துணியும் வெள்ளை. வெளிச்சம் இல்லாமல் தேட முடியாது. ஆனால் படம் ஓடும்போது செல்போன் வெளிச்சம் அடிப்பவர்களைப் பற்றி எழுதியதுதான் என் பதிவுகளிலேயே அதிகம் பேர் படித்தது. நூற்றுப் பதினான்கு லைக். மற்றதற்கெல்லாம் அண்ணன் ஒருவர்தான் லைக் போடுவார். அப்படி எழுதிவிட்டு நானே வெளிச்சம் அடித்தால் எழுத்துக்கு என்ன மரியாதை?

“பாட்டு வரட்டும்ணே. பாட்டுல எப்படியும் பாதிப் பேரு எந்திரிப்பாங்க, அப்பத் தேடுவோம்” என்றேன்.

“சேரிங்” என்றார். அந்த நிலையிலும் ‘ங்’ போட்டுப் பேசிய மனிதர்.

பாட்டு வரவில்லை. இந்தப் படத்தின் இரண்டாம் பாதியில் பாட்டே வைக்கவில்லை. அது இயக்குநர் செய்த தவறு. அதை நான் எதிர்பார்த்திருக்க முடியாது.

முன் வரிசையில் ஷம்ஷாத் இருந்தார். எங்கள் கம்பெனி டெய்லர். அண்ணன் மூச்சு விடும் சத்தம் கேட்டுத் திரும்பி, செல்போன் வெளிச்சத்தைப் போட்டார்.

“என்னுங்ணா, ஏதாச்சும் தேடறீங்களா? மாஸ்டரு ஏன் இப்புடி இருக்காரு?”

“ஒண்ணுமில்லம்மா, தூங்குதாரு. லைட்ட அணைங்க, பின்னாடி உள்ளவங்களுக்குத் தொந்தரவு.”

அவர் அணைத்துவிட்டார். இதையெல்லாம் அவர் உங்களிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னீர்கள். அவர் பொய் சொல்லவில்லை.

அந்த நேரம் திரையில் ஹீரோவின் நண்பன் குண்டடிபட்டு ஹீரோவின் மடியில் கிடந்தான். ஆறு நிமிடம் பேசினான். தங்கை கல்யாணத்தைப் பற்றிச் சொன்னான், சின்ன வயதில் ஆற்றில் குளித்ததைச் சொன்னான், பிறகு செத்தான். எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் குறை குறைதான். சாகிறவர்கள் அவ்வளவு பேசுவதில்லை. அண்ணன் “தம்பி” என்று ஒரு தடவை சொன்னார். பிறகு என் கையிலிருந்த பிடி விட்டுப்போனது. ஆகவே அந்தக் காட்சி நம்பும்படியாக இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதும் நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த பாகத்துக்கு ஒரு துண்டுக் காட்சி வைத்திருப்பார்கள் என்று தெரியும். வைத்திருந்தார்கள். அதுவும் முடிந்து, துணியைக் கூட்ட வந்த அம்மாதான் அண்ணனைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

ஷம்ஷாத்திடம் ஏன் ஒன்றுமில்லை என்று சொன்னேன் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தேட வேண்டியது எதுவும் இல்லை, சார். அவர் வெளிச்சம் போட்டதுமே மாத்திரை என் கண்ணில் பட்டுவிட்டது. என் வலது செருப்புக்குப் பக்கத்தில், ஒரு துணித் துண்டின் மேல் கிடந்தது. குனிந்து எடுத்து அவர் வாயில் வைக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடம் படத்தில் போயிருக்கும். முழுதாகப் பார்க்காத படத்துக்கு நான் விமர்சனம் எழுதுவதில்லை.

சாரதாமணி அக்கா வெளியே உட்கார்ந்திருப்பதாகக் கான்ஸ்டபிள் சொன்னார். என்னை அவரிடம் பேச விட மாட்டீர்கள். நீங்களாவது சொல்லுங்கள். படம் பிடிக்காமல் நடுவில் எத்தனையோ பேர் எழுந்து போனார்கள். நான் போகவில்லை. கடைசிவரை அண்ணன் பக்கத்திலேயேதான் இருந்தேன்.