அல்போன்சா டீச்சரின் நடுங்காத வில்

தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, எங்கள் இசைக்கலைஞர் சங்கத் தலைவர் அருமைநாயகம் அண்ணாச்சி அவர்களே, துறைமுகத்தில் வேலை முடித்து நேராக வந்து பின்வரிசையில் நிற்கும் தோழர்களே, நம் டீச்சரை, தன் தாயை, இழந்து நிற்கும் தங்கை விஜிலா, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மேடை ஏறும்போது ஒருவர் என் காதில் சொன்னார்: “செந்தூர்வேல் அண்ணே, பேசி முடிச்சிட்டு உருக்கமா ஒரு பாட்டுப் பாடிருங்க.” பாடமாட்டேன், ஐயா. மன்னிக்க வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் உடன்குடிக்காரன். மெல்லிசைக் குழு நடத்துகிறவன். பாட்டு என்றால் உயிர் உருக வேண்டும் என்று நினைக்கிறவன். வயலின் ஆசிரியை அல்போன்சா ரோச் அம்மையார் எங்கள் குழுவுக்கு வந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு அவர் வாசிப்புப் பிடிக்கவில்லை. தப்பே வராது. தப்பே வராத வாசிப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டவன் நான்!

நான் மட்டுமா கேட்டேன்? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடற்குழுவோடு வாசிப்பார். “சுத்தமா இருக்கு, ஆனா பக்தி வரல” என்பார்கள். பெரிய வெள்ளிக்கிழமை புலம்பல் பாட்டுக்கு வாசிப்பார். “கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே” என்பார்கள். விளாத்திகுளம் பக்கம் அம்மன் கோயில் கொடை விழா ஒன்றில் எங்களோடு வாசித்தார். மேளக்காரர் இசக்கியப்பன் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்:

“டீச்சர், உங்க வாசிப்புல கணக்கு இருக்கு. சாமி இல்ல.”

டீச்சர் கோபப்படவில்லை. “சாமி வாரப்ப வரட்டும் அண்ணாச்சி. அதுவரைக்கும் சுதி நிக்கணும்லா?” என்று சொல்லிவிட்டு முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவரை இந்த ஊர் ‘கண்ணீர் வயலின்’ என்று கொண்டாடியதே, அது எப்படி நடந்தது? வீடியோவில் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர். நான் அதே மாடியில் இருந்தவன்.

அந்த டிசம்பர் வெள்ளம் யாருக்கு மறக்கும்? ஆற்றோரத்து மண்டபம் ஒன்றில் கல்யாணக் கச்சேரிக்குப் போயிருந்தோம். மழை நிற்கவில்லை. விடியும்போது கீழ்த்தளம் தண்ணீருக்குள் இருந்தது. பெண் வீட்டார், சமையல்காரர்கள், நாங்கள், எல்லோரும் மாடிச் சாப்பாட்டுக் கூடத்தில் அடைபட்டோம். போனில் சிக்னல் இல்லை. கரண்ட் இல்லை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். எந்த ஜன்னலைத் திறந்தாலும் தண்ணீர். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக முழுகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். போக இடம் இல்லை. செய்ய எதுவும் இல்லை.

கல்யாணப்பெண் முத்துச்செல்வியின் அப்பா, தண்ணீர் வருமுன் பால் வாங்கப் போனவர், திரும்பவில்லை.

எல்லோரும் என்னைப் பாடச் சொன்னார்கள். பாடினேன். என்னால் முடிந்த உருக்கத்தையெல்லாம் கொட்டிப் பாடினேன். முதலில் ஓர் அம்மா அழுதார். பிறகு கூடமே அழுதது. முத்துச்செல்வி எழுந்தாள். “எங்கப்பாவைத் தேடிப் போறேன்” என்று கத்திக்கொண்டு படியை நோக்கி ஓடினாள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியவளை நாலு பேர் சேர்ந்து இழுத்து வந்தார்கள். பிடித்தவர்கள் கையைக் கடித்தாள். மறுபடி ஓடப் பார்த்தாள்.

“செந்தூரு, நிறுத்து” என்றார் டீச்சர்.

பெட்டியைத் திறந்தார். வயலினை எடுத்தார். அந்த நிலையிலும் முதலில் சுதி சேர்த்தார்! பிறகு வாசித்தார். என்ன வாசித்தார்? பாட்டா? இல்லை. பிள்ளைகளுக்கு முதல் மாதம் சொல்லிக் கொடுக்கும் பாடம். ஒரு சுரத்துக்கு ஒரு வில் இழுப்பு. ஏறும், இறங்கும். மறுபடி ஏறும்; இறங்கும்.

வாசித்துக்கொண்டே கூப்பிட்டார்: “ஏளா, இங்கன வா. என் பக்கத்துல உக்காரு. தாளம் போடு. தப்பவிடாத.”

அந்தப் பெண் அழுதுகொண்டே தொடையில் தட்டினாள். “எங்கப்பா வந்துருவாங்களா டீச்சர்?”

வந்துவிடுவார் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். டீச்சர் சொல்லவில்லை.

“தெரியாதும்மா. தாளத்தை விடாத.”

தெரியாது! இந்த வார்த்தையை அவர் எங்கிருந்து எடுத்தார்? அவர் கணவர் ஷாம் போன தோணி கடலிலிருந்து திரும்பவே இல்லை. “வந்துருவாரு, வந்துருவாரு” என்று ஊரே சொல்லக் கேட்டு வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்திருந்தவர் அவர்.

கொஞ்ச நேரத்தில் சமையல்காரர்கள் தாளம் போட்டார்கள். கூடம் முழுக்கப் போட்டது. தண்ணீர் இறங்கவில்லை, மழை விடவில்லை, அப்படியே அடைபட்டுத்தான் இருந்தோம். ஆனால் யாரும் படியை நோக்கி ஓடவில்லை. படகு வரும்வரை வாசித்தார், ஓய்ந்தார், மறுபடி வாசித்தார். அரிசி ஆலைக் கூரைமேல் இருந்த முத்துச்செல்வியின் அப்பாவையும் மீட்டார்கள். இருவரும் இதோ, இரண்டாம் வரிசையில் இருக்கிறார்கள்.

இதை யாரோ போனில் எடுத்து ‘கண்ணீர் வயலின்’ என்று தலைப்பு வைத்தார்கள். நாடு முழுக்கப் பார்த்தது. அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அதையே கேட்டார்கள். ஒரு விழாவில், “டீச்சர், நடுவுல ஒரு தடவை கண்ணைத் தொடைச்சுக்கிட்டீங்கன்னா நல்லாருக்கும்” என்றார்கள். அவர் மாட்டேன் என்றால் எங்கள் குழுவுக்கு மேடை இல்லை. அதற்காகவே போனார். கண்ணை மட்டும் துடைக்கவில்லை. திரும்பும் வேனில் என்னிடம் சொன்னார்:

“என்னைய மறுபடி மறுபடி அந்த மாடிக்கே ஏத்தி விடுதாங்க செந்தூரு. இறங்க விடமாட்டேங்காங்க.”

அன்பர்களே, அவர் இறங்கவே இல்லை. பக்கவாதம் வந்து இடது கை மடங்கியது. சுரம் பிடித்த கை! ஒரே அறை, ஒரே கட்டில். விஜிலா பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பாள். தப்பு வந்தால் வலது கை விரல் கட்டில் சட்டத்தைத் தட்டும். கடைசியாகப் பார்த்தபோது கேட்டேன்: “டீச்சர், அன்னைக்கு உங்களுக்குப் பயமே இல்லையா?”

வாய் குழறித்தான் பதில் வந்தது. “பயந்தான். தண்ணியைப் பாத்தா எனக்குப் பயம் இல்லாம இருக்குமா? வில்லு நடுங்குச்சு. அது உங்களுக்குக் கேட்டுறக் கூடாதுன்னுதான் அவ்வளவு மெதுவா இழுத்தேன்.”

அவரிடம் உணர்ச்சி இல்லை என்றோமே! கோயிலில் சொன்னோம், கொடையில் சொன்னோம், மேடையில் சொன்னோம். இருந்த அத்தனையையும் நம்மேல் சிந்தாமல் பிடித்து வைத்திருந்தாரே, அதற்கு எத்தனை வருஷப் பயிற்சி வேண்டும்?

எங்கள் குழு இனி அந்த வீடியோவின் பெயரில் எந்த மேடையும் ஏறாது. டீச்சரின் வகுப்பு வரும் திங்கட்கிழமை மாலை அதே வீட்டில் நடக்கும். விஜிலா சொல்லிக் கொடுப்பாள். முதல் பாடத்திலிருந்து கற்றுக்கொள்ள நானும் போய் உட்காரப் போகிறேன்.

ஒரு வேண்டுகோள். படத்துக்குக் கீழே அவர் வயலினை வைத்து, அதன்மேல் மாலை போட்டிருக்கிறீர்கள். அன்புதான், தெரிகிறது. ஆனால் மாலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ஐயா. மரம் ஊறிவிடும்.

விஜிலா, எழுந்து வா, தாயி. அதை எடுத்துத் துடை. திங்கட்கிழமை வாசிக்க வேண்டும்.