எண்ணக் கூடாத வயல்

— இறங்கி வாக்கா. செருப்புல சேறு ஒட்டினா கழுவிக்கலாம். கார் கதவையே பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பே?

— இங்கேருந்தே தெரியுதுடா. மக்காச்சோளம் நல்லாத்தான் நிக்குது.

— நல்லாவா? கிட்ட வந்து பாரு, இலையெல்லாம் சல்லடை. புழுவே அண்டாதுன்னு சொல்லி வித்த விதை இது. புழு என்னடான்னா புது மாப்பிள்ளை மாதிரி உக்காந்து சாப்பிடுது.

— கம்பெனிக்குச் சொன்னியா?

— சொன்னேனே. ‘உங்க கண்ணுக்கு அப்படித் தெரியுது’ன்னுட்டான். ஆராய்ச்சிக்காரங்க யாராவது எழுதிக் கொடுத்தாத்தான் நம்புவானாம். என் கூடப் பிறந்தவளே பூச்சி ஆராய்ச்சிக்காரிதான்னு ஒரு போடு போட்டேன். ஆளு போனையே வச்சுட்டான்.

— ஐயோ, என் பேரையா சொன்னே?

— பேரைச் சொல்லல. பெருமையைத்தான் சொன்னேன்.

— விதைப் பையோட பின்பக்கம் படிச்சியா நீ? பையைப் பிரிச்சாலே ஒப்பந்தத்துக்குச் சம்மதம்னு அர்த்தம். விதைக்கலாம், அறுக்கலாம், விக்கலாம். சோதிச்சுப் பாக்கக் கூடாது. வேற விதையோட ஒப்பிடக் கூடாது. ஆராய்ச்சிக்குன்னு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

— அந்தப் பொடி எழுத்தைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பயிரே முளைச்சிடும். நீ எப்படி இப்படி ஒரு எழுத்து விடாம ஒப்பிக்கிறே?

— அதாலதானே என் ஆராய்ச்சி நின்னுச்சு! மூணு வருஷம் இதே கம்பெனிக்கிட்ட விதை கேட்டு லெட்டர் மேல லெட்டர் போட்டேன். ஒரு பிடி தரல. கடைசியில எங்க லேப்பையே இழுத்துப் பூட்டிட்டாங்க.

— அன்னைக்கு போன்ல நீ அழுதது இன்னும் என் காதுலயே இருக்குக்கா. அதான் ஒரு வேலை பண்ணியிருக்கேன்.

— என்ன பண்ணே? வேண்டாம், சொல்லாதே.

— கேளேன்! அந்த மூலையில பத்து வரிசை பழைய விதை...

— டேய், வாயை மூடு.

— பக்கத்துலயே பத்து வரிசை கம்பெனி விதை. ஒரே தண்ணி, ஒரே உரம். நீ எப்பவும் சொல்லுவியே, அதே மாதிரி.

— யார் காதுலயாவது விழப் போகுதுடா.

— இங்க யாரு இருக்கா? நீ, நான், ரெண்டு காக்கா. வாராவாரம் என் பொண்டாட்டி ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி புழுவை எண்ணுவா, நான் எழுதுவேன். ஒரு தடவை ஒத்தப் புழு கணக்குல வராம எங்களுக்குள்ள ரெண்டு நாள் பேச்சே இல்ல.

— சிரிக்க வைக்காதே. சொல்றதைக் கேளு...

— சிரிச்சிட்டே பாத்தியா! இந்தா, நோட்டு. பதினோரு வாரம். ரெண்டு பக்கமும் புழு ஏறக்குறைய ஒரே அளவுதான். இதை வச்சு நீ ஆராய்ச்சியை மறுபடி ஆரம்பிச்சிடுக்கா.

— நோட்டை உள்ள வை.

— உனக்காகத்தான்க்கா பண்ணேன்.

— தெரியுதுடா. அதான் சொல்றேன், அதை என் கையில கொடுக்காதே.

— அட, எதுக்கு இப்படிப் பயப்படுறே? தெரிஞ்சா அவன் என்ன பண்ணிடுவான்?

— கேஸ் போடுவான். நிக்கிற பயிரை அழிக்கச் சொல்லுவான். அடுத்த போகத்துக்கு எந்தக் கடையிலயும் உனக்கு விதை கிடைக்காது.

— தெரிஞ்சாத்தானே! அவன்கிட்ட போய் யாரு சொல்லப் போறா?

— போன மாசம் நான் அந்தக் கம்பெனியிலதான்டா வேலைக்குச் சேந்தேன். எந்தெந்த வயல்ல இப்படி எண்ணுறாங்கன்னு கண்டுபிடிச்சு எழுதிக் கொடுக்கத்தான் இன்னைக்கு இந்தப் பக்கம் அனுப்பியிருக்காங்க.