மதகுக்காரியின் பதில்

— அதை நான் மொழிபெயர்த்துச் சொல்ல மாட்டேன் யாகோமின் அக்கா. உங்க கால்ல வேணா விழறேன். வேற ஏதாவது சொல்லுங்க.

— ஏன் லீவன் தம்பி, நாக்கு சுளுக்கிக்கிச்சா? மதகுக் கதவ ஏத்தி இறக்கற இரும்புத் தடியக் கடல்ல வீசிட்டேன், வேணும்னா உங்க ஸ்பானியத் தளபதிய முங்கி எடுத்துக்கச் சொல்லுன்னேன். இதுல உனக்குப் புரியாத வார்த்தை எது?

— லீவா! என்ன சொல்றா கிழவி? தடி எங்கயாம்?

— தளபதி ஐயா, அது வந்து... எங்கயோ வெச்சுட்டாங்களாம். வயசாச்சில்ல, ஞாபகம் வரலையாம். தேடித் தர்றேன்றாங்க.

— அவ்வளவு நேரம் பேசினா. இவ்வளவுதானா?

— எங்க பாஷை அப்படி ஐயா. சின்ன விஷயத்துக்குப் பெரிய சத்தம் போடும்.

— உங்க நாடே அப்படித்தான். முழங்கால் ஆழச் சேறு, அதுக்கு ஆறு வருஷமா சண்டை. சரி, அவளுக்குப் புரியற மாதிரி சொல்லு. கரைக்குக் கீழ அந்தப் பள்ளத்து வயல்ல என் ஆளுங்க நானூறு பேர் கூடாரம் போட்டிருக்காங்க. பன்னிரண்டு பீரங்கி நிக்குது. நாளைக்குக் காலையில அந்த மதவிரோதிங்களோட ஊர் மதிலை உடைக்கிறேன். அதுவரைக்கும் என் வெடிமருந்துல ஒரு சொட்டுக் கடல் தண்ணி படக்கூடாது. மதகோட தடி என் கையில இருக்கணும். சரிதானே?

— அக்கா, தளபதி ஓச்சோவா கேக்கறார்...

— கேக்கட்டும். முதல்ல நான் ஒண்ணு கேக்கறேன், அதக் கேளு. என் புருஷன் கார்னெலிஸ எதுக்கு எரிச்சீங்க? வேதத்துல இருக்கிற ஒரு சங்கீதத்த நம்ம பாஷையில பாடினான். திருடலை, கொல்லலை, பாடினான். அதுவும் சுருதி சேராமத்தான் பாடுவான், பாவி. அதுக்குக் கட்டி வெச்சுக் கொளுத்தினீங்களே, ஏன்னு கேளு.

— என்னடா கத்தறா?

— விதவைங்க ஐயா. புருஷன நெனச்சு அழறாங்க.

— கண்ணுல தண்ணி காணோமே. எப்படிச் செத்தான்?

— காய்ச்சல் ஐயா.

— ஏன் தம்பி, இருபது வருஷம் என்னோட குடும்பம் நடத்துனவன ஒத்த வார்த்தையில முடிச்சுட்டியே. அவ்வளவு சின்னதா போயிட்டானா அவன்?

— அக்கா, அவர் கை வாள்மேலயே இருக்கு. நீங்க அதப் பாக்கவே மாட்டேங்கறீங்க.

— பாத்தேன். நல்லா தீட்டியிருக்கான்.

— லீவா, நான் கல்நெஞ்சுக்காரன் இல்லைன்னு சொல்லு. இந்தச் சிலுவைய முத்தம் குடுத்து, திருச்சபைக்கும் அரசருக்கும் அடங்கி நடப்பேன்னு சத்தியம் பண்ணச் சொல்லு. தடியக் குடுக்கச் சொல்லு. ஊர் விழுந்தாலும் இவ வீட்டுக் கூரைய ஒருத்தனும் தொடமாட்டான். நம்ம தயவு பெரிசு, சரிதானே?

— அக்கா, ஒரு முத்தம். ஒரே ஒரு சத்தியம். உயிர் தப்பும். வீடும் தப்பும்.

— சிலுவை மேல எனக்கென்ன கோவம்? அதப் புடிச்சிருக்கிற கை மேலதான். அரசருக்கு அடங்கணுமா? அவர் என்னிக்காவது இங்க வந்து கால நனைச்சிருக்காரா? பதினஞ்சு வருஷமா தெனம் ரெண்டு தரம் கடல் இந்தக் கரைக்கு வருது. தெனம் ரெண்டு தரம் நான் அதத் திருப்பி அனுப்பறேன். கடலுக்கே அடங்காதவ அவருக்கு எதுக்கு அடங்கணும்? இத அப்படியே சொல்லு.

— தளபதி ஐயா, நம்ம அரசர் கடல் மாதிரி பெரியவர்னு சொல்றாங்க.

— அட! நல்லா சொன்னாளே. இதை எழுதி மாட்ரிட்டுக்கு அனுப்பணும்டா. உனக்கு ஒருத்தி ஞாபகம் வரலையா லீவா? அங்க, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அப்பால, அந்த ஆத்தங்கரை ஊர்ல ஒரு தலைவி நின்னாளே, காதுல தங்கத்தோட? அதே மூஞ்சி. அதே திமிர். ஆனா இவ புத்திசாலி, வளைஞ்சு குடுக்கறா.

— ஞாபகம் இருக்கு ஐயா.

— என்ன ஆளு அவ! சரி, நீ பேசி முடி. நான் இந்த மீனைச் சாப்பிடறேன். உப்பு தூக்கலா இருக்கு, ஆனா பரவாயில்லை.

— எதுக்கு தம்பி உன் மொகம் இப்படி வெளுத்துப் போச்சு? என்னைப் பாத்து ஏதோ சொல்லிச் சிரிச்சானே?

— உங்களப் பாத்தா கடலுக்கு அந்தப் பக்கம் பாத்த ஒரு பொம்பளை ஞாபகம் வருதாம்.

— யாரு அவ?

— வேணாம் அக்கா.

— சொல்லு. என் வீட்ல உக்காந்து என் மீனத் தின்னுட்டு என்னை யாரோட சேத்துப் பேசறான்னு எனக்குத் தெரியணும்.

— முப்பது வருஷம் முன்னாடி. எனக்கு அப்ப இருபது வயசு. கென்ட் ஊர்ல நெசவு பிடிக்காம கப்பல் ஏறினவன். அங்க அவங்க பாஷைய சீக்கிரம் கத்துக்கிட்டேன், பெருமையா இருந்துச்சு. இதே ஓச்சோவா கேட்டார், எங்க அரசருக்கு அடங்கறியான்னு. அந்தம்மா சொன்னாங்க, அவருக்கு இந்த ஆறு வேணும்னா அவரே வந்து கேக்கட்டும், நான் உக்கார வெச்சு சாப்பாடு போட்டுப் பேசறேன்னு. நான் ஒரு எழுத்து மாத்தாம சொன்னேன்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன. பொழுது சாயறதுக்குள்ள அந்தப் பாஷையப் பேச அந்த ஊர்ல ஆளே இல்ல. நான் மட்டும்தான் மிச்சம். அன்னிக்கு முடிவு பண்ணேன். மொழிபெயர்க்கிறவன் வேல சொல்றது இல்ல, முழுங்கறது. இந்த முப்பது வருஷத்துல என் பொய்யால எத்தனை பேர் உசுரோட இருக்காங்க தெரியுமா அக்கா?

— இருக்கட்டும். ஆனா அந்த ஊர்க்காரங்க செத்தது உன் வாயால இல்ல தம்பி, அவன் வாளால. அந்தம்மா சொன்னது ஒரு ஆள் காதுலயாவது போய்ச் சேந்துச்சு. நீயோ என்னை உசுரோட வெச்சுக்கிட்டே என் வாய மட்டும் பொதைக்கப் பாக்கற.

— உசுரு இருந்தா அப்புறம் பேசிக்கலாம்.

— எப்ப? கார்னெலிஸும் இப்படித்தான், அப்புறம் பேசிக்கலாம்பான். சரி, இப்ப கேளு. இதையாவது சொல்லிடு. மதகுக் கதவு மூடியில்ல.

— என்னது?

— விடியறதுக்கு முன்னாடி, கடல் வத்தியிருந்தப்போ மூணு மதகையும் தூக்கிட்டேன். அப்புறம்தான் தடியக் கடல்ல போட்டேன். இனிமே யாராலயும் இறக்க முடியாது. இன்னிக்குப் பௌர்ணமி, கடல் பெரிசா ஏறும், வடமேக்குக் காத்தும் அத இந்தப் பக்கம் தள்ளும். தண்ணி இப்பவே வாய்க்கா வாசல்ல நிக்குது.

— ஐயோ அக்கா! காவல்காரங்க பாக்கலையா?

— பாத்தாங்க. சேறு தெரிஞ்சுது, பேசாம போயிட்டாங்க. தண்ணி வத்தினப்போ தொறந்த மதகும் மூடின மதகும் அவங்களுக்கு ஒண்ணுதான். என் பார்லி வயல் அங்கதான் இருக்கு. கார்னெலிஸ் சாம்பலையும் அங்கதான் தூவினேன். அதுவும்தான் முங்கப்போவுது.

— கீழ நானூறு பேரு...

— அதனாலதான் சொல்லுங்கறேன். கூலிக்கு வந்த பயலுங்க. சோறாக்கற பொம்பளைங்க இருக்காங்க, நேத்து ஒருத்தி கைக்குழந்தையோட வந்து பால் கேட்டா, குடுத்தேன். அவங்க பொணம் எனக்கு எதுக்கு? எனக்கு அந்தப் பன்னிரண்டு பீரங்கியும் சேத்துல போவணும், ஊர் மதில் நிக்கணும். இப்ப ஓடினா ஆளுங்க கரையேறிடலாம். சொல்லு.

— சொன்னா அடுத்த நிமிஷம் உங்க தலை இருக்காது.

— என் தலையப் பத்தி உன்ன நான் கேக்கல.

— என்னடா குசுகுசுன்னு? தடி கிடைச்சுதா இல்லையா?

— தளபதி ஐயா... தடி... மத்தியானத்துக்குள்ள குடுத்துடறாங்களாம். அப்புறம் ஒரு யோசனை ஐயா. அந்த வயல் ரொம்ப ஈரம். ஆளுங்களுக்கு சளி, காய்ச்சல் வந்துடும். கரைமேல ஏத்தி வெச்சா...

— பன்னிரண்டு பீரங்கிய இந்த வழுக்கல்ல மேல இழுக்கவா? பைத்தியமா உனக்கு?

— பீரங்கி கிடக்கட்டும் ஐயா. ஆளுங்க மட்டும்...

— பீரங்கியத் தனியா விட்டுட்டு வரவா? யாருக்கு? சாயங்காலம் வரைக்கும் தூங்கட்டும்னு நான்தான் உத்தரவு போட்டேன். ராத்திரி பூரா பீரங்கிய இறக்கி நிறுத்தியிருக்காங்க. காய்ச்சலாம் காய்ச்சல்! உனக்கு வயசாயிடுச்சு லீவா.

— கெஞ்சிக் கேக்கறேன் ஐயா. ஒரு தடவ என் பேச்சக் கேளுங்க.

— ஏன் திரும்பத் திரும்ப அந்த வயலையே பாக்கற? கிழவி என்னடா சொன்னா? உண்மையச் சொல்லு!

— ஒண்ணும் இல்ல ஐயா. ஒண்ணுமே சொல்லல. அக்கா, நீங்க எதுக்கு எழுந்திரிக்கறீங்க? உக்காருங்க. அவர் பக்கத்துல போகாதீங்க!

— தளபதியாரே, அந்த ஆள விடுங்க. நல்ல மனுஷன்தான், ஆனா காலையிலேர்ந்து நான் சொன்ன எதையும் அவர் உங்ககிட்ட சொல்லவே இல்ல.

— இவ... இவ நம்ம ஸ்பானிய பாஷை பேசறாளே!

— கல்யாணமான புதுசுல ஆறு வருஷம் என் புருஷனோட உங்க காதிஸ் துறைமுகத்துக்கு உப்பு வாங்கப் போனவ நான். உங்க ஊர்க்காரங்ககிட்ட பேரம் பேசினா பாஷை தானா வந்துடும்.

— அப்ப எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா? என்ன பண்ணித் தொலைச்ச? சொல்லுடீ!

— மூணு மதகையும் தொறந்துட்டேன், தண்ணி உள்ள வந்துக்கிட்டிருக்கு. ஒண்ணு என்னை இங்கயே வெட்டுங்க, இல்லேன்னா ஓடிப்போய் உங்க ஆளுங்கள எழுப்புங்க. ரெண்டையும் செய்ய நேரம் இல்ல.